துணைக்கு வந்தவர்

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். மரியாதைக்காக அல்ல, விதி அப்படி. நாங்கள் இரண்டு பேரும் வாரா வாரம் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில், யார் பெயரையும் வெளியே சொல்லக்கூடாது, உள்ளே பேசியதையும் வெளியே கொண்டுபோகக்கூடாது. ஆரணியில் இதைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று விதியை எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்காது. மாடிப்படியில் கால் வைக்கும்போதே கீழே டீக்கடைக்காரர், "இன்னா மேனேஜர் சார், இன்னிக்கு லேட்டு? உங்க ஆளுங்கல்லாம் அப்பவே ஏறிட்டாங்க" என்பார். ஆனாலும் விதி விதிதான். நான் இப்போது வெம்பாக்கம் பக்கம் வேறொரு ரைஸ் மில்லுக்கு மாறி, அவரைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது. அப்படியும் அவர் இங்கே அவராகவே இருக்கட்டும்.

சேவூர்க்காரர். பட்டுப் புடவைகளை மூட்டை கட்டி மெட்ராஸ் கடைகளுக்கு எடுத்துப்போய்க் காட்டி ஆர்டர் பிடித்து வருவது தொழில். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது புடவையால் இல்லை. யாருக்காவது எங்காவது போகவேண்டும், தனியாகப் போகத் தயக்கம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலூரில் ஸ்கேன் எடுக்க, தாலுகா ஆபீஸில் பட்டா கேட்க, பெண் பார்க்க, போலீஸ் ஸ்டேஷனில் பைக்கைத் திரும்ப வாங்க, எதுவானாலும் துணைக்கு வருவார். ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்.

வந்தால் சும்மாவும் இருக்கமாட்டார். டாக்டர் நோயாளியைப் பார்த்து "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் பதில் இவரிடமிருந்து வரும். "இவருக்கு இடது பக்கம் சார். குனிஞ்சா ஜாஸ்தி ஆவுது." நோயாளி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்குப் பதிலாக இவரே பெண்ணிடம் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டு, இவரே திருப்தியாகத் தலையாட்டியிருக்கிறார். அந்தக் கல்யாணம் நடந்தது, அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

தனக்காக அவர் எங்கும் போய் நான் பார்த்ததில்லை. ஒருமுறை என் மில்லுக்கு வந்து, "மேனேஜரே, கண்ணு கேம்ப் போட்டிருக்காங்க, வாங்க, உங்களுக்குப் பாத்துடலாம்" என்று பிடிவாதம் பிடித்தார். எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. லாரி நம்பரைத் தெருமுனையிலிருந்தே படிப்பேன். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் கோபம் வரும், ஆனால் கோபத்தோடேயே போய்விடுவேன். வரிசையில் நின்று என் கண்ணைக் காட்டினேன். பார்த்து முடித்ததும் அவர் பின்னாலிருந்து தலையை நீட்டி, "அப்டியே எனக்கும் பாத்துடுங்க" என்றார். அவருக்கு ஒரு கண்ணில் புரை முற்றிப்போயிருந்தது. இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்று டாக்டர் திட்டினார். "இவரு இன்னிக்குத்தான் வந்தாரு சார்" என்று அவர் என்னைக் காட்டினார்.

அந்த 'அப்டியே எனக்கும்' அவர் வாயிலிருந்து எத்தனை முறை வந்திருக்கும் என்று கணக்கில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பாரில்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஆமாம், நாங்கள் குடித்தோம். நான் குடிகாரன். மில்லில் மூட்டை ஏற்றிவிட்டுக் குடிப்பேன், மூட்டை இறங்கும்வரை குடிப்பேன். இதை அந்த மாடியில் பலமுறை சொல்லியாகிவிட்டது, இங்கே சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அவர் குடிகாரர் இல்லை. அவரே அப்படித்தான் சொல்வார். "நான் குடிக்கற ஆளு இல்லீங்க. சும்மா துணைக்கு உக்காருவேன்." நான் ஒரு குவார்ட்டர் சொல்லுவேன். "அப்டியே எனக்கும்" என்பார். எனக்குத் துணையாக உட்கார்ந்து முடித்ததும், அடுத்த மேஜையில் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் அவருக்கும் துணைக்குப் போவார். தனியாகக் குடிக்கிறவனைக் கண்டால் அவருக்கு மனசு தாங்காது. அப்படி மேஜை மேஜையாக மனசு தாங்காமல் போய், கடைசியில் ஆட்டோவில் தூக்கிப்போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பவேண்டியிருக்கும்.

அவருடைய மனைவி ஒரு நாள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கலசப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, துணைக்கு போயிருக்கு" என்றார். அவருடைய மாமியாரை அடுத்த வாரமே ஆரணி சந்தையில் பார்த்தேன். பூசணிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

என் வீட்டில் என் மனைவி எங்கும் போகவில்லை. அதற்குப் பதில் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எங்களுக்கு ஒரே பையன், கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். தினமும் அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, என் எதிரில் உட்கார்ந்து, "ஒங்கப்பா நேத்து செருப்பு இல்லாம வந்தாருடா" என்பாள். அவன் "உம்" என்பான். அந்த "உம்" என்னை என்னவோ செய்தது. அவமானமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஒரு நாள் கலசப்பாக்கத்திலிருந்து அவர் மனைவி எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, ஆரணிலயே குடிய நிறுத்தறவங்க கூட்டம் ஒண்ணு நடக்குதாம். இவரு தனியா போவ மாட்டாருண்ணா. உங்களுக்காக போற மாதிரி சொல்லி இட்டுகினு போங்க. உங்களுக்கு புண்ணியமா போவும்." எனக்குப் பெருமையாக இருந்தது. அவருடைய குடியை நிறுத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அவர் மனசு நோகாமல் சொல்லவேண்டுமே என்று ஒத்திகை எல்லாம் பார்த்துக்கொண்டு சேவூருக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர், "வாங்க மேனேஜரே, நானே வரலாம்னு இருந்தேன். வியாழக்கெழம சாயங்காலம் ஒரு எடத்துக்கு போவணும், எனக்காக வாங்களேன்" என்றார். என்ன தெளிவான மனுஷன், தானாகவே திருந்தப் பார்க்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி அவருக்கு முந்தின நாளே போன் செய்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. "அண்ணா, எங்க வூட்டுக்காரரு தனியா போவ மாட்டாரு. உங்களுக்காக போற மாதிரி சொல்லி இட்டுகினு போங்க." அப்படியாக நான் அவருக்குத் துணையாகவும் அவர் எனக்குத் துணையாகவும் கிளம்பினோம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து என் தோளை இரண்டு தரம் ஆறுதலாகத் தட்டினார். நானும் சிக்னலில் நின்றபோது திரும்பி அவரைப் பார்த்து ஆறுதலாகச் சிரித்தேன்.

இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய பேஜாராகிவிட்டது. பெயர் தெரியக்கூடாத கூட்டத்துக்கு போர்டு வைக்கமாட்டார்கள். போனில் தேடினால் ஒரு தெருவைக் காட்டி, அங்கேயே சுற்றிக்கொண்டிரு என்றது. யாரையாவது கேட்கவேண்டும், கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். அவர் ஒரு பூக்காரம்மாவிடம், "இங்க மாடியில மீட்டிங் நடக்குமே, வாழ்க்க மாறிச்சின்னு பேசிக்குவாங்களே, அது எங்கம்மா?" என்று கேட்டார். கேட்டது சரியாகத்தான் இருந்தது. அந்த அம்மா கையைக் காட்டிய மாடிக்கு ஏறினோம்.

நாற்காலி போட்டு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து, "போன வருஷம் இந்நேரம் எந்திரிச்சி நிக்க முடியாது. பொண்டாட்டி புள்ளைங்களுக்கெல்லாம் பாரமா இருந்தேன். இன்னிக்கு உங்க முன்னாடி நிக்கறேன்னா இந்தக் குடும்பம்தான் காரணம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து எழுந்த ஒரு அம்மா தானும் அப்படித்தான் இருந்ததாகச் சொன்னார். பெண்கள்கூட வந்து சொல்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. "புதுசா வந்தவங்க யாராச்சும்?" என்று கேட்டதும் இவர் எழுந்து என்னைக் காட்டி, "இவருக்கு ரொம்ப நாளா இந்தப் பிரச்சின இருக்குதுங்க. சாயங்காலம் ஆச்சின்னா தாங்க முடியல. சில நாள் படியேறக்கூட ரெண்டு பேர் புடிக்கணும்" என்றார். உண்மைதான். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். உடனே ஒரு பையன் வந்து என் பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டி எண்ணெய் தடவ ஆரம்பித்தான். அது மூட்டுவலி எண்ணெய் விற்பவர்களின் கூட்டம். ஒரு பாட்டில் வாங்கினால்தான் படியிறங்க விடுவார்கள் போலிருந்தது, வாங்கினேன். "அப்டியே எனக்கும்" என்று அவரும் ஒன்று வாங்கினார்.

அசல் கூட்டம் அடுத்த தெருவில், ஒரு டுடோரியல் மாடியில் நடந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம்தான் அங்கே போய்ச் சேர்ந்தோம். பிளஸ் டூ பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் நரைத்த தலைகளாக உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் பகல் வகுப்பின் பாடம் அழிக்கப்படாமல் இருந்தது. 'ஆல்கஹால் தயாரிக்கும் முறைகள்' என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதியிருந்தார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் டஸ்டரை எடுத்து அதை நிதானமாகத் துடைத்துவிட்டுத் திரும்பினார். அவர் ரிட்டயரான பஸ் டிரைவர். பெயர் சொல்லக்கூடாது என்பதால் டிரைவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

"புதுசா யாரு?" என்றார் டிரைவர். நான் அவரைக் காட்டினேன். அதே நேரத்தில் அவர் என்னைக் காட்டினார். டிரைவர் இரண்டு விரல்களையும் பார்த்தார்.

"நான் இவருக்குத் துணைக்கு வந்தேன்" என்றேன்.

"இல்லீங்க, நான்தான் இவருக்குத் துணைக்கு வந்தேன். இவங்க வீட்டம்மாவே போன்ல சொன்னாங்க" என்றார்.

"யோவ், உங்க வீட்டம்மா எனக்குப் போன் பண்ணாங்கய்யா!" என்று கத்திவிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அங்கே வந்து சேர்ந்த ஒவ்வொருவனும் முதல் நாள் யாருக்காகவோதான் வந்திருக்கிறான். டிரைவர், "ரெண்டு பேரும் உக்காருங்க. யாருக்கு யாரு துணைன்றத அப்பறமா பாத்துக்கலாம்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரோடும் மூன்று நாள் பேசவில்லை. அவரோடும், என் மனைவியோடும். என் மனைவிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கோபம் தணிந்ததும் யோசித்தேன். யார் யாரைக் கூட்டிப்போனாலும் போனது என் கால்தானே. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ எழுந்து நின்று, நான் குடிகாரன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் தலை சுற்றியது. உட்கார்ந்ததும் லேசாக இருந்தது. அன்றிலிருந்து குடிக்கவில்லை. என் மனைவி அதை நம்பவுமில்லை, என்னோடு பேசவுமில்லை.

அவர் சொல்லவில்லை. ஒரு வாரமும் தவறாமல் வருவார். மழையில் நனைந்துகொண்டு வருவார். வாட்ஸ்ஆப் குரூப்பில் சேர்க்கிறேன் என்றால், "உங்க நம்பர் இருக்குது இல்ல, போதும்" என்பார். அவர் முறை வரும்போது எழுந்து, "நான் சேவூருங்க. சரக்கு எடுத்துனு மெட்ராஸ் போற ஆளு" என்று ஆரம்பிப்பார். முதல் தடவை கேட்டவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இவ்வளவு வெளிப்படையாக யாரும் ஆரம்பித்ததில்லை. "பொடவைங்க, பட்டுப் பொடவ" என்று நான் பக்கத்திலிருந்து திருத்தவேண்டியிருந்தது. பிறகு, "இவருக்குத் துணைக்கு வந்திருக்கேன்" என்று முடித்துக்கொள்வார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போகப் போக என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "இவரு இன்னா பண்ணாருன்னா, ஒரு நாள் கஸ்டமர் குடுத்த அட்வான்ஸ மொத்தமா குடிச்சிட்டு, திருடன் புடுங்கிட்டான்னு வீட்ல சொல்லிட்டாரு." நான் அப்படிச் செய்ததே இல்லை. எனக்குக் கஸ்டமரும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. "இவரு ஒருவாட்டி மெட்ராஸ் பஸ்ல தூங்கிட்டு, மூட்டய பஸ்லயே உட்டுட்டு எறங்கிட்டாரு." வாரா வாரம் ஒன்று. பெஞ்சிலிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தார்கள். இவ்வளவு செய்துவிட்டுத் திருந்தியிருக்கிறானே என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு வாரம், "இவருக்கு ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்தார். நான் திடுக்கிட்டேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவாம். கையெழுத்துப் போட்டியில் பெண்ணுக்கு முதல் பரிசாம். மைக்கில் பெயரைக் கூப்பிட்டதும், குழந்தை தனியாகப் போகிறதே என்று 'நான்' துணைக்கு மேடை ஏறிவிட்டேனாம். நல்ல போதையாம். பரிசு கொடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். இறங்கச் சொன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டேனாம். இரண்டு வாத்தியார்கள் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் விட்டார்களாம். "அத்தோட இவரு சம்சாரம் கொழந்தய இட்டுகினு ஊருக்குப் போயிடுச்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

கீழே டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்குங்க எல்லாத்தயும் என் தலையில கட்றீங்க? எனக்கு ஏதுங்க பொண்ணு?"

"கோவிச்சிக்காதீங்க மேனேஜரே. உங்களுக்கு நடக்கலன்னா இன்னா, நடந்திருந்தா இப்பிடித்தான நடந்திருக்கும்?"

"நடந்தது உங்களுக்குய்யா!"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "நானுன்னு ஆரம்பிச்சா வாய் வர மாட்டேங்குதுங்க. தொண்ட அடச்சிக்குது. இவருன்னு சொன்னா வருது" என்றார். அந்தக் கதையைச் சொன்ன வாரம் அவர் குடிக்கவில்லை. அட்வான்ஸ் கதை சொன்ன வாரமும் குடிக்கவில்லை. என் பெயர் கெட்டுப்போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

சில மாதம் இப்படியே போயிற்று. கலசப்பாக்கத்திலிருந்து அவர் மனைவி, ஆனி மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். வீட்டுக்குச் சுண்ணாம்பெல்லாம் அடித்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி என்னை நெல் வாங்க நெல்லூருக்கு அனுப்பினார். ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது. நான் இல்லாமல் அவர் அந்த மாடிப்படியில் கால் வைக்கவில்லை. யாருக்குத் துணை என்று சொல்லி உள்ளே போவார்? வேறு இடத்தில் அவர் துணை தேவைப்பட்டது. யாரோ ஒருவனுக்கு அப்பா செத்துப்போய், துக்கம் தாங்காமல் பாரில் தனியாக உட்கார்ந்திருந்தானாம். மனைவி பெட்டியோடு ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அன்று, அவளை அழைக்க வந்தவர் நேராக நிற்கவில்லை. அவள் இறங்கிய பஸ்ஸிலேயே திரும்ப ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நெல்லூருக்கே எனக்குப் போன் வந்தது. அழவில்லை, நிதானமாகத்தான் பேசினாள். "குடிச்சதுக்குக்கூட இல்லண்ணா. ஏன் குடிச்சேன்னு கேட்டா, பாவம் அவன் தனியா இருந்தான், துணைக்குன்றாரு. ஒரு நாளாச்சும் நான் எனக்கோசரம்தான் குடிச்சேன்னு நாலு பேர் எதிர்ல அவரு வாயால சொல்லட்டும். அன்னிக்கு வரேன். அதுவரிக்கும் அந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

ஊருக்குத் திரும்பியதும் இதை அவரிடம் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சொல்றதுதாங்க, சொல்லிட்டா போச்சி" என்றார். அடுத்த வியாழக்கிழமை எழுந்து நின்றார். வாய் திறந்தது, மூடியது. "இவருக்குத் துணைக்கு வந்தேங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இனி இந்த மனுஷன் சொல்லப்போவதில்லை, அவள் வரப்போவதுமில்லை என்றே நினைத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் கோடை விடுமுறையில் கூட்டத்தின் ஆண்டு நிறைவு வந்தது. அன்றைக்கு மட்டும் குடும்பத்தோடு வரலாம். கேசரியும் மிக்சரும் உண்டு. என் மனைவி கலசப்பாக்கத்துக்குப் போன் செய்து அவர் மனைவியையும் வரவழைத்திருந்தாள். இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார், பிறகு திரும்பவே இல்லை. கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

முறை வந்தது. எழுந்தார்.

"இவருக்கு" என்றார் என்னைக் காட்டி, "ஒரு பொண்ணுங்க."

போச்சுடா என்று நினைத்தேன். ஆண்டு விழா, கையெழுத்துப் போட்டி, மேடை என்று எல்லாவற்றையும் என் தலையில் மறுபடியும் இறக்க ஆரம்பித்தார். 'என்' சம்சாரம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போன இடத்துக்கு வந்தபோது பின்னால் பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது. என் மனைவி எழுந்து நின்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னோடு நேராகப் பேசினாள்.

"ஏங்க, பொண்ணா? எந்த ஊர்லங்க?"

டுடோரியல் முழுக்க என்னைப் பார்த்தது. உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்ற விதியை ஒழுங்காகக் காப்பாற்றியதன் பலன் இது. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. "நமக்கு ஒரே புள்ளதான? இவரு இன்னாவோ பொண்ணுன்றாரு, சம்சாரம் கொழந்தய இட்டுகினு போயிடுச்சின்றாரு! யாருங்க அந்த சம்சாரம்?" குரல் உடைந்துவிட்டது. "குடிதான்னு நெனச்சேனே, இது வேறயா?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்தேன். என்ன சொன்னாலும் பொய்போல இருக்கும் என்று தெரிந்தது. டிரைவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றார்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். அழுகிறவர்களைக் கண்டால் அவருக்குத் தாங்காது.

"அழாதம்மா" என்றார். "மேனேஜர் தங்கமான ஆளு. அவருக்குப் பொண்ணு இல்ல."

என் பக்கம் நீட்டிய விரலை மடக்கித் தன் மார்பில் வைத்தார்.

"எனக்குத்தாம்மா. என் பொண்ணு."

அவர் உட்காருவார் என்று பார்த்தேன். உட்காரவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். "நான்தான் மேடையில ஏறினேன். நான்தான் மைக்க புடிச்சிகினேன்." ஒவ்வொரு 'நான்தா'னுக்கும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அட்வான்ஸ் பணம், பஸ்ஸில் போன மூட்டை, எல்லாவற்றையும் என்னிடமிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு, இதுவரை எந்த வாரமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"என்ன வாசல்ல உட்டாங்க இல்ல. அங்க டீச்சரம்மா எம்பொண்ணுகிட்ட கேட்டாங்க, யாரும்மா இவரு, உங்கப்பாவான்னு. அது சொல்லிச்சி, 'இல்ல மிஸ். எங்கப்பா ஊர்ல இல்ல. இவரு சும்மா துணைக்கு வந்தவரு'ன்னு. எங்கிட்ட கத்துகிட்டதுதான். அது என்ன பாக்கவே இல்ல." தன் மனைவியைப் பார்த்தார். "நான் குடிக்கறவங்க. யாருக்கும் துணைக்குக் குடிக்கல. எனக்கே வோணும், அதான் குடிச்சேன். எனக்கோசரம்தான் இங்க வரேன்."

கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. டிரைவர், "நன்றிங்க" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒன்றும் எழுதாத பலகையைத் துடைத்தார். என் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கேசரி கொடுத்தார்கள். அவர் வாங்கிய தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றார். அவர் மனைவி பின்பெஞ்சிலிருந்து மெதுவாக எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். நேராகப் படிக்கட்டுக்குப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் எதிரில் வந்து நின்றாள்.

"நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்குக் கலசப்பாக்கம் வாங்க" என்றாள். "பாப்பாவ திரும்ப இங்க ஸ்கூல்ல சேக்கணும். டி.சி. வாங்கணும். வேற யாரையும் அனுப்பாதீங்க. அப்பாதான் கையெழுத்து போடணுமாம்."

அவர் தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.